நெகட்டிவ் கண்ட்ரோல்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியின் இருட்டறையில்
பகல் பதினொரு மணிக்கும் நடுராத்திரி.
கண் பழக ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும்.
கேஸ் புக் செய்தேனா, பையனுக்கு வேன் பீஸ் கட்டினேனா,
எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

பிறகு லென்ஸில் குனிந்தால்
பச்சை.
யாரோ ஒருத்தியின் சீரம்
கண்ணாடித் தகட்டில் ஒட்டிய செல்களைத் தேடிப்போய்
ஒவ்வொன்றின் உட்கருவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.
சொந்த வீட்டைக் களவு வீடென்று
போலீசுக்குக் கைகாட்டுகிறவன்போல.
பார்க்க அழகு. வெளியே சொல்லக் கூடாது.

ஒன்றுக்கு ஆயிரத்து இருநூற்று எண்பது
என்று எழுதுகிறேன்.
எழுதுகிற பேனாவுக்கு முழங்கால் இல்லை.

முப்பிடாதி, இருபத்தொன்பது வயது,
நாங்குநேரி டோல்கேட்டில் நாலாவது கூண்டு.
மேற்கே பார்த்த ஜன்னல்.
மூன்று மணிக்கு மேல் வெயில்
ரசீது வாங்காமல் உள்ளே வந்துவிடும்.
முதலில் மூக்குத் தண்டு சிவந்தது,
பிறகு இரண்டு கன்னமும்.
"டூட்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு மேக்கப்பு"
என்று கேட்டாராம் சூப்பர்வைசர்.

டி.என்.ஏ.வை எதிர்க்கும் அந்த எண்
சித்திரையில் இருநூற்றுப் பத்து.
இப்போது முப்பத்தெட்டு.
ரிப்போர்ட்டை மடக்காமல் பிடித்தபடி
என் ஜன்னலில் வந்து நிற்கிறாள்.

"ஜெபக்கனியக்கா, நம்பர் எறங்கிட்டுன்னு
டாக்டரம்மா சிரிக்காவ.
காலைல எனக்குச் சீப்பப் புடிக்க முடியல.
வேலைக்குப் போவப் பொய் சொல்லுதேன்னு
வீட்டுல நெனக்காவ.
இதுல எதுக்கா நெசம்?"

சொன்னேன். இது சிறுநீரகத்துக்காகப் பார்க்கிற எண்,
இறங்கினால் நல்லதுதான்.
ரோ என்று ஒன்று, அதற்கு வெயிலோடு பகை.
இன்னொன்று ரத்தத்தை உறையவைக்கும்,
கருவைக்கூட நிறுத்திவிடும்.
இந்த எண்ணுக்கு இந்த வலி என்று
கோடு போட்டுக் காட்டலாம்,
கோட்டைத் தாண்டாமல் நிற்கிற உடம்பு குறைவு.
சில வலிக்கு எண்ணே கிடையாது.
எனக்குத் தெரிந்தது
ஒரு ரப்பர் ஸ்டாம்பு அகலம்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"மணிமுத்தாறு நூத்திப் பதினாறு அடின்னு
பேப்பர்ல போடுதான்.
எங்க ஊரு கடைமடைக்கா.
நாலாவது ரீச்சுல தெறந்தாலும்
எங்க வயலுக்குச் சொட்டு வராது.
ஒரு வருசம் அணை தரைதட்டிக் கெடந்துச்சு,
ராத்திரி ஒரே மழை, எங்க கொளம் ஒடஞ்சிட்டு.
அப்பிடியாக்கா?"

அப்படித்தான் என்றேன்.
புத்தகத்தில் பதினாறு பக்கம் அது.

அவளிடம் சொல்லாதது ஒன்று.
போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை
கிட்டோடு வரும் நெகட்டிவ் கண்ட்ரோல் தீர்ந்துபோனது.
நோயில்லாத ரத்தம் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதானே?
என் கையிலேயே ஊசி போட்டேன்.
கடைசிக் குழியில் என் சீரம்.
இருட்டாக இருந்தாக வேண்டிய இடத்தில்
பொடிப்பொடியாய்ப் பச்சை.
கழுவி, புதுத் தகடு வைத்து, மறுபடி பார்த்தேன்.
பச்சை.

எனக்கு எந்த வலியும் இல்லை.
முருகன்குறிச்சி வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிறேன்.
முகம் அதே முகம்.
நன்றாக இருக்கிறவர்களிலும் சிலருக்கு இப்படி ஒளிரும்,
கடைசிவரை ஒன்றும் வராது என்று போட்டிருக்கிறது.
சிலருக்குப் பல வருடம் முன்னாடியே வந்து
ரத்தத்தில் உட்கார்ந்திருக்கும் என்றும்,
அதே பக்கத்தில், கொஞ்சம் கீழே.

யாருக்கும் காட்டவில்லை.
அந்தக் கட்டத்தில் "கண்ட்ரோல் செல்லாது" என்று
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முப்பிடாதி பேனாவைக்
கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே செருகி
ரிஜிஸ்டரில் பெயர் எழுதினாள்.
"தி"யின் சுழி மேலே ஓடி அடுத்த பெயரில் முட்டியது.
குடையை இடுக்கிக்கொண்டு
நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

இப்போதெல்லாம் இருட்டறையின் ஐந்து நிமிடத்தில்
கேஸ் நினைவு வருவதில்லை.
விரல்களை மடக்குகிறேன், நீட்டுகிறேன்.
சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக.

இன்றைக்கு மடங்கின.